காப்பி குடித்தால் செடி துளிர்க்காது

நேற்று மகள் காப்பிப்பொடி வாங்கி வந்து டப்பாவைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் நாவூறும் அந்த மணம் எனக்கு மட்டும் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். அறுபதைத் தாண்டியும் ஆறாத கோபம் இது, சிரிக்காமல் கேளுங்கள்.

எழுபதுகளில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். எஸ்டேட்டில் கொடுக்கும் தூளில் கறுப்பாக ஒரு தேநீர், அதுதான் மூன்று வேளையும். கணக்கப்பிள்ளை வீட்டுக் காப்பி மணம் மூக்கில் ஏறிய அன்று, எனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்தேன்.

"கொழுந்து கிள்ளுத வீட்டுல காப்பி குடிச்சா செடி துளுக்காதுட்டி. அவுக கொழுந்தா கிள்ளுதாக?" என்றாள் அம்மா.

அதோடு விட்டேனா? லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதையே ஓதினேன். மலையடிவாரத்துக் கம்பம் ஊரில் சித்தி கல்யாணத்தில் நுரை பொங்க வந்த காப்பியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார், பெரிய மகாராணி என்று கேலி செய்தார்கள். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய செடியைக் காப்பாற்றிய பெருமையில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

கம்பத்துக்கு மலையிறங்கும் பஸ் குமுளியிலிருந்துதான். குமுளி என்றால் ஏலக்காய் மணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் குமுளிக்குச் சாமான் வாங்கப் போனோம். பஸ் நிற்கும் இடத்தில் மூட்டையோடு என்னை உட்காரவைத்துவிட்டு, மிளகாய் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள் அம்மா. எஸ்டேட்டுக்குத் திரும்பும் எங்கள் பஸ் உறுமத் தொடங்கியதும் மூட்டையைப் பக்கத்தில் கடை விரித்திருந்த வெற்றிலைக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தேடி ஓடினேன். ஏலக்காய் மணத்தையும் மீறி இன்னொரு மணம் வந்த கடைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே பெஞ்சில் அம்மா, கண்ணை மூடி, காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். போன வாரம் ஏன் காணோம் என்று கடைக்காரர் அவளை விசாரித்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் வாராவாரம்!

"அப்ப செடி?" என்றேன்.

அம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். "நாள் பூரா அந்தப் பச்ச மணத்துலயே கெடக்கேன்ட்டி. ஒரு வாயி வேற மணம் வேணும்னு இருக்காதா?" என்றாள். பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "இந்தா, குடி. செடிக்கு ஒண்ணும் ஆவாது."

பெற்றவளே ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவது? நான் குடிக்கவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

அதற்குப் பிறகு ரிப்பன் கேட்டால் ரிப்பன், முகத்துக்கு ஸ்நோ கேட்டால் ஸ்நோ. ஒரு தீபாவளிக்குத் தன் சேலையை விட்டுவிட்டு எனக்கு நைலக்ஸ் பாவாடை எடுத்தாள். கேட்டதெல்லாம் கிடைத்தது. சாகும்வரை என்னிடம் எதையும் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.