அவர் வராத நாளின் அரிசி

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்த காலையில் மில் காவற்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. "மனேச்சர் ஐயா ஆஸ்பத்திரியிலை மோசம் போயிட்டார்" என்றார். முதல்நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன மனேச்சர் உயிரோடு திரும்பவில்லை.

வட்டக்கச்சி மில்லில் மனேச்சர் தில்லையம்பலம் ஐயாவோடு வேலை செய்த எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் நெல் அவிக்கும் கொட்டிலில் அன்றன்றைய கணக்கு எழுதும் கரும்பலகையை அவர் என் கையில்தான் தந்திருந்தார்.

அவர் வந்த காலத்தில் கம்பனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. அதிக மூட்டை அவிப்பவளுக்குப் பொங்கலுக்கு ஒரு சேலை. சேலை ஒருத்திக்குத்தான் என்பதால், தெரிந்ததை ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லமாட்டாள். எங்களோடு அவித்த பாக்கியம் ஊறல் நெல்லை மணந்தே பதம் சொல்லுவாள். எப்படியடி என்று கேட்டால், "என்ர மூக்கைக் கழட்டித் தரட்டோ?" என்பாள். அவள் காய்ச்சலில் படுத்த கிழமை ஊறல் தொட்டி புளித்துப்போனது. அவசரத்தில் அவித்த மிச்ச நெல்லும் மெசினில் குறுணலாக முறிந்தது. கடைக்காரர் அரிசியைத் திருப்பி அனுப்பினார்கள். அவிப்பை நிறுத்தி, எங்களை வீட்டுக்கு அனுப்பி, பச்சையரிசி மட்டும் குற்றலாம் என்று பங்குகாரர் பேசினார்கள். எங்களில் பலருடைய அடுப்பு அந்த வேலையால்தான் எரிந்தது.

பங்குகாரரிடம் ஐயா ஒரு போகம் தவணை கேட்டு வாங்கினார். பிறகு கொட்டிலுக்கு வந்தார்.

"இனி மூட்டை எண்ணுறேல்லை. குறுணலைத்தான் பாக்கப்போறன். அதுவும் ஆராவது ஒராள் லீவு நிக்கிற நாளிலை."

"அதென்ன ஐயா, வராத நாளுக்கோ சீலை?" என்றாள் பாக்கியம்.

"ஓம் பிள்ளை. நீ வராத அண்டைக்கும் அரிசி முறியாட்டி, நீ மற்றவைக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறாய். அதுதான் உன்ர வேலைக்கு அளவு. அரிசி முறியாட்டி எல்லாருக்கும் சீலை."

"அப்ப நான் வீட்டிலையே படுத்திருக்கிறன்."

"சொல்லிக் குடுத்திட்டுப் படு."

கொட்டிலே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாள் பாக்கியம் ஒவ்வொருத்தியாய்த் தொட்டியடிக்குக் கூட்டிப்போய் மணக்கவைத்தாள்.

வேலை முறை மாறும் நேரத்தில் ஐயா வாசலில் கதிரை போட்டு இருப்பார். வேலை முடித்துப் போகிறவள் வருகிறவளுக்கு அன்றைய நெல்லின் குணத்தைச் சொல்லவேண்டும். பேசாமல் நழுவினால், "பிள்ளை, கதையை வைச்சிட்டுப் போ" என்பார். கரும்பலகையில் ஏன் ஒருவருடைய பேரும் போடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "பேர் போட்டால் பிழையை ஒளிப்பினம், ஆச்சி" என்றார்.

போக முடிவில் பங்குகாரர் வந்து, குறுணல் குறைந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். கொட்டிலை மூடும் பேச்சு அதோடு நின்றது.

அண்மைக்காலமாக ஐயா, மில் கணக்கெழுதும் கிளாக்கரைப் பக்கத்தில் வைத்து எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு லீவு வரும்தானே" என்றார். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று ஏசினேன்.

செத்தவீட்டு அன்றும் தொட்டியில் நெல் ஊறியிருந்தது. ஊறிய நெல் காத்திராது. பாதிப்பேர் செத்தவீட்டுக்குப் போக, மற்றவர்கள் அவித்தோம். முறை முடிந்ததும் பாக்கியம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள். "கதையை வைச்சிட்டுப் போ" என்றேன். அவள் திரும்பி வந்து அழுதழுது சொன்னாள். அந்த வசனம் இனி என்னிடம் இருக்கும். வாசற் கதிரையையும் எடுக்கவிடவில்லை.

அந்த நெல் காய்ந்து, குற்றி வந்தது. ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். அரிசி முழுசு முழுசாய் இருந்தது. அவர் வராத நாளின் குறுணல் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு வந்தேன். அவர் இல்லையென்று சொல்ல இரண்டு அரிசியாவது முறிந்திருக்கக்கூடாதா என்று, பிறகும் அந்தப் பிடியைக் கிளறிக்கொண்டேயிருந்தேன்.