கோல்கீப்பரின் அக்கா

லண்டன் லூயிஷாமில் எங்கள் கடையின் பின்பாதியில் இப்போது ஒரு பையன் கைத்தொலைபேசி திருத்துகிறான். நல்ல பிள்ளை, சத்தமே வராது. அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு முன் அந்த இடத்தை ஒரு கானாக்காரிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். முன்பாதியில் நான் முருங்கைக்காயும் குத்தரிசியும் விற்றேன், பின்பாதியில் அவள் தலை பின்னினாள். நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டி கூரைவரை போகாததால் அவளுடைய ரேடியோ முழுவதும் என் பக்கம்தான் விழும். அப்படித்தான் கானா நாட்டுப் பிரிமியர் லீக் என் வாழ்க்கைக்குள் வந்தது.

எனக்குப் பந்து விளையாட்டென்றாலே ஆகாது. என் கணவருக்கு இங்கிலாந்து லீக் என்றால் சோறு தண்ணி வேண்டாம். டிவிக்கு முன்னால் அவர் போடுகிற கூத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அந்த விளையாட்டில் வெறுப்பு வந்திருந்தது. ஞாயிறு மத்தியானம் கடையில் இருந்தால் அந்தக் கூத்திலிருந்து தப்பலாம் என்று நினைத்தால், தட்டிக்கு மேலால் இன்னொரு கூத்து வந்து இறங்கியது. கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றின் எஃப்.எம். அதைத் தொலைபேசியில் இழுத்து, ஒரு பெரிய ஸ்பீக்கரில் போட்டிருப்பாள். மூச்சு விடாமல் பேசுகிற ஒருத்தர், அவருக்குப் பின்னால் மேளம், அதற்கும் பின்னால் ஊரே கத்துகிற சத்தம். ஒரு சொல் விளங்காது. முதல் மாதம் நான் தட்டியில் தட்டிச் சண்டை பிடித்தேன். அவள் சத்தத்தைக் குறைப்பாள், ஐந்து நிமிடத்தில் பழையபடி கூட்டுவாள்.

கானாவில் கோடைக்கென்று மணிக்கூட்டை முன்னே தள்ளுகிற வழக்கம் இல்லை. அவளும் தன் சுவர் மணிக்கூட்டை வருசம் முழுக்க ஊர் நேரத்திலேயே விட்டிருந்தாள். அதனால் கோடை முழுதும் என் கடையின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம். தலை பின்ன வருகிறவர்கள் குழம்பிப் போய் என்னிடம் நேரம் கேட்பார்கள். "நீங்கள் எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்பேன்.

அவளிடம் வருகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவள் ஆதரிக்கிற அணி தோற்றுக்கொண்டிருந்தால் பின்னல் இறுகும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாக இழுக்கும். கண் ஓரம் மேலே இழுபட்டு, சிரிக்கவும் ஏலாமல் எழுந்து போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த லீக்கில் சொந்த ஊரில் விளையாடுகிறவர்கள்தான் பெரும்பாலும் வெல்வார்கள், வெளியூர் போய் வெல்வது குதிரைக் கொம்பு. விஷயம் தெரிந்த வாடிக்கையாளர்கள் முதலில் போன் எடுத்து, இந்த ஞாயிறு ஆட்டம் ஊரிலா வெளியூரிலா என்று கேட்பார்கள். வெளியூர் என்றால் சனிக்கிழமையே வந்து பின்னிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த அணியின் கோல்கீப்பர் அவளுடைய தம்பி. அது தெரிந்த நாளிலிருந்து நான் தட்டியில் தட்டுவதை நிறுத்தினேன்.

என் தமிழ் வாடிக்கையாளர்களைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் அவள் சொன்னவை என் மனதில் தமிழாகத்தான் இருக்கின்றன, அப்படியே எழுதுகிறேன். தாயும் போனபின் அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி மட்டும். அவன் சின்னவனாக இருக்கும்போதே அவள் லண்டன் வந்துவிட்டாள். இங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைக்கும்வரை எங்கும் போக ஏலாது. கிடைத்தபின் ஒருமுறை தாயின் செத்தவீட்டுக்குப் போனாள், அது சீசன் முடிந்திருந்த மாதம். பிறகு தொழிலை விட்டுப் போக முடியவில்லை. ஒரு கிழமை பூட்டினால் தலை பின்னுகிறவர்கள் வேறு கை பழகிவிடுவார்கள் என்பாள்.

தம்பியை இங்கே எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே எண்ணம். ஒரு கல்லூரியில் இடம் பார்த்து, விசாவுக்கும் எல்லாம் ஒழுங்கு செய்து, தன் பிளாட்டில் அவனுக்கென்று அறைக்கு நீலப் பெயின்ட் கூட அடித்துவிட்டாள். அவன்தான் வரமாட்டேன் என்றான். கடைசியில் அவள் அழுத அழுகைக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். கழகம் பிரிமியர் லீக்கில் இருக்கும்வரை தான் கோல் கம்பத்தை விட்டு வரமாட்டான். கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் அடுத்த மாதமே லண்டன்.

அந்த வருசம் அணி இறங்குகிற நிலைக்கு வந்தது.

பாவம், அவள் பட்ட பாடு. தம்பி ஒரு பந்தை விட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். பிறகு சத்தம் போடாமல் நீல அறைக்குத் திரைச்சீலை பார்ப்பாள். வென்றால் கடைக்குள் ஆடுவாள், இரவு எனக்குப் போன் எடுத்து அழுவாள். என் கணவருக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "உந்த லீக்கை ஆர் பாக்கிறது? அதுக்குப் போய் உவள் ஏன் உருகிறாள்?" என்றார். "நீங்கள் பாக்கிற லீக்கில உங்கட தம்பியே விளையாடுறான்?" என்று கேட்டேன். ரிமோட்டைத் தேடிக்கொண்டு போனார்.

கடைசி ஆட்டத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை அவள் தட்டியைச் சுற்றி வந்து, "அக்கா, உங்கட கோயிலில என்ர தம்பிக்காகக் கும்பிடுங்கோ" என்றாள். அன்று பின்னேரமே சிவன் கோயிலுக்குப் போய் அருச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார்.

"நட்சத்திரம் தெரியாது ஐயா. வெள்ளிக்கிழமை பிறந்தவர்."

"கிழமை மட்டும் எப்பிடித் தெரியும்?"

"கானாக்காரரில பிறந்த கிழமைதான் ஐயா பேரே."

ஐயர் என்னையும் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நட்சத்திரத்தைச் சுவாமி பாத்துக்கொள்ளுவார்" என்று உள்ளே போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அணி தோற்க வேண்டும் என்று மனமுருகக் கேட்டேன். ஆபிரிக்காவில் ஒரு பந்தாட்ட அணி தோற்க வேண்டுமென்று சிவனிடம் போய் நின்ற முதல் யாழ்ப்பாணத்துப் பொம்பிளை நானாகத்தான் இருப்பேன். அதில் எனக்கு ஒரு குற்ற உணர்வும் இருக்கவில்லை. பெடியன் வந்தால் அவளுடைய கண்ணீர் நிற்கும். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

ஞாயிறு ஆட்டம் வெளியூரில். டிரோ எடுத்தால் தப்பலாம், தோற்றால் இறக்கம். தலை பின்னுகிற கதிரையில் ஒரு நர்ஸ் இருந்தாள், வேறு நாள் கிடைக்காமல் அன்று வந்து மாட்டிக்கொண்டவள். இடைவேளையில் இவர்கள் ஒரு கோல் பின்னால். நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு தட்டிப்பக்கம் போய் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோயிலில என்ன கேட்டனீங்கள் அக்கா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "அவன் இஞ்ச வரவேணும் எண்டு கேட்டனான்."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அப்ப தோற்கவேணும் எண்டு கேட்டிருக்கிறியள்."

"நீதானே பிள்ளை வரவேணும் எண்டு அழுதனீ?"

"வரவேணும். தோத்துப்போய் வரக்கூடாது." அவள் ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினாள். "என்ர தம்பியைத் தோக்கடிக்க நான் உங்களைக் கோயிலுக்கு அனுப்பேல்லை."

எனக்கும் சுள்ளென்று ஏறியது. இவளுக்காகத்தானே தட்டும் தேங்காயுமாய்ப் போனேன் என்று நினைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து பூசணிக்காயைக் கொத்தித் தள்ளினேன். வாடிக்கையாளர் ஒருத்தர் துண்டு சின்னனாய்ப் போச்சு என்றார், அவருக்கும் ஏச்சு விழுந்தது.

இரண்டாம் பாதியில் இவர்கள் ஒரு கோல் அடித்துவிட்டார்கள். அவள் கத்தினாள், நான் போகவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ரேடியோக்காரரின் குரல் திடீரென்று இறங்கியது. 'பெனால்டி' என்ற ஒரு சொல் எனக்கும் விளங்கியது. எதிரணிக்குப் பெனால்டி. கோபமாவது ஒன்றாவது, ஓடிப்போய்த் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு கையாலும் ஸ்பீக்கரைப் பிடித்திருந்தாள். கும்பிடுகிற ஆளாயிருந்தும் அவள் உதடு அசையவில்லை. எதைக் கேட்பதென்று அவளுக்கே தெரியவில்லை என்று அந்த முகத்தில் கண்டேன். அந்தப் பாழாய்ப்போன நேரம் பார்த்து இன்டர்நெட் நின்றது.

மூன்று பொம்பிளைகள் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்ப வந்தபோது ரேடியோக்காரர் அலறிக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மீன்கடைக்காரர் ஓடி வந்தார். "பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான்!" நர்ஸ் பாதித் தலை பின்னியபடி எழுந்து ஆடினாள். நானும்தான் ஆடினேன். எவன் தோற்க வேண்டுமென்று கேட்டேனோ அவன் தப்பியதற்கு நான் ஆடினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், கத்தி இன்னும் என் கையில்.

கொஞ்ச நேரத்தில் தம்பியே போன் எடுத்தான். தங்கள் பாஷையில் பேசினாள், சிரித்தாள். வைத்துவிட்டு, ஆட்கள் தலை பின்ன இருக்கிற கதிரையில் போய்ப் பொத்தென்று இருந்தாள்.

"வரச்சொல்லிக் கேட்டியா?" என்றேன்.

"இல்லை அக்கா. எந்தப் பக்கம் பாய்ஞ்சனீ எண்டு கேட்டன். இடப்பக்கமாம்." ஸ்பீக்கரை நிறுத்தினாள். "ரேடியோ நிண்டதால அது எனக்குத் தெரியேல்லை. அவன் பந்து பிடிக்கிறதை நான் இன்னும் ஒரு நாளும் கண்ணால பாக்கேல்லை. ஒரு நாளும்."

அவளுடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த சீசன் தொடங்க முன்னர் ஒரு திங்கட்கிழமை அவள் பின்பாதிக் கதவைப் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். தம்பியின் ஊரிலேயே ஒரு கடை பார்த்துவிட்டாளாம், மைதானத்துக்குப் பக்கத்தில். "போறன் அக்கா" என்றாள். ஆபிரிக்காவிலும் லண்டனிலும் தலைமயிர் ஒன்றுதானே, போ என்று பகிடிபோலச் சொல்லிவிட்டு, குளிர்ப்பெட்டி அறைக்குள் போய் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, கடையில் சனம். அவள் வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள். சத்தம், வெயில், மேளம், ஆட்களின் முதுகுகள். தொலைபேசியைத் திருப்பிப் பிடித்தாள். தூரத்தில் கோல் கம்பத்துக்கு நடுவே மஞ்சள் சட்டையோடு ஒரு சின்ன உருவம் கையைத் தட்டிக்கொண்டு நின்றது. முகம் தெரியவில்லை. ஆட்கள் ஓடி வந்தார்கள், ஒருவன் உதைத்தான், மஞ்சள் சட்டை வலப்பக்கம் பாய்ந்தது. பந்து கையில் பட்டு உள்ளே போனது. மைதானமே தலையில் கை வைத்தது. அவள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது.

"கண்டனீங்களே அக்கா? விட்டிட்டான்! என்ர கண்ணுக்கு முன்னால விட்டிட்டான்!"

அவள் அப்படிச் சந்தோசப்பட்டு நான் கண்டதேயில்லை. "கண்டனான் பிள்ளை, கண்டனான்" என்றேன். முன்னால் கத்தரிக்காயோடு நின்றவர், என் கண்ணீரைக் கண்டு, யாராவது செத்துப்போச்சினமோ என்று என்னைக் கேட்டார். ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்துக் கொடுத்தேன்.