பனிச்சரிவைப் பற்றிய புத்தகம்

கணவன் குபாத்தின் நாற்பதாம் நாள் நினைவு விருந்து முடிந்த மறுநாள் காலையே ஜூரா நூலகத்துக்குப் போய்விட்டாள். உறவுப் பெண்கள் அண்டாக்களைக்கூட இன்னும் கழுவி முடிக்கவில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை. வீட்டில் இருந்தால் மட்டும் என்ன செய்யப் போகிறாள்?

கோக்-சாய் ஊர் நூலகத்தின் சிறுவர் பிரிவை இருபத்து நான்கு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அங்கிருந்த அறிவியல் புத்தகங்கள் எல்லாம் அவள் சிறுமியாக இருந்தபோது படித்தவை. இப்போது இல்லாத ஒரு நாட்டின் வரைபடம் அவற்றில் இருந்தது. புதியவை வேண்டும் என்று வருடா வருடம் எழுதிப் போடுவாள். வந்தால் கதைப் புத்தகம்தான் வரும்.

இந்த வருடம் மூன்று பெட்டிகள் வந்திருந்தன. எல்லாம் கிர்கிஸ் மொழியில், வண்ணப் படங்களோடு. எலும்பு, எறும்பு, எரிமலை, வால்நட்சத்திரம். ஜனவரியில் வந்திருந்தால் வீட்டுக்கு ஓடிப்போய், குபாத் தூங்கி விழும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பாள். இப்போது கயிற்றை அறுத்தாள், பட்டியலை எடுத்தாள், முத்திரையை மையில் ஒற்றினாள். கை வேலை செய்தது. அவ்வளவுதான்.

குபாத் கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். பிப்ரவரியில் ஒருநாள் வண்டியின் முன்தகட்டில் இறுகிய பனிக்கட்டியைத் தட்டிவிட இறங்கினான். மேலே இருந்த பனி அப்படியே அவன்மேல் சரிந்துவிட்டது. மேஸ்திரி தோக்தோசுன்தான் வாசலில் வந்து நின்று சொன்னார்: "ஒரு நொடிதான் தங்கச்சி. அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

வழக்கப்படி துக்கக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டியவள் அவள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. நாத்தனார் இரண்டு பேர் அவளுக்கும் சேர்த்து அழுதார்கள். அதற்குப் பின் ஒருநாள் கெட்டிலில் கை பட்டுவிட்டது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது என்று தெரிந்தது.

பட்டியலில் முப்பத்தெட்டுத் தலைப்புகள். மேசையில் முப்பத்தேழு. மறுபடி எண்ணினாள்.

"அனார்குல், ஒண்ணு குறையுது."

பக்கத்து மேசைக்காரி அனார்குல் தலையை நிமிர்த்தவில்லை. "அனுப்பினவங்க விட்டிருப்பாங்க அக்கா. இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை பாக்கறான்?"

"இருபத்தொண்ணாவது. 'பனி'ன்னு போட்டிருக்கு."

"அப்படியா?"

"எங்க வச்சே?"

அனார்குல் எழுந்தாள். அடுப்புக்குப் பின்னால், கரி வாளி மறைவில், செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "அட்டையிலயே சரிவு படம் போட்டிருக்கான் அக்கா, படுபாவி. நீங்க பாக்க வேணாமேன்னுதான்..."

"முத்திரை குத்தணும்ல?" என்றாள் ஜூரா.

முதல் பக்கத்தில் ஒன்று, பதினேழாம் பக்கத்தில் ஒன்று. அந்தப் பக்கத்து நூலகங்கள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். பதினேழாம் பக்கத்தில், பனிக்கடியில் ஒரு மனிதன் முகத்துக்கு முன்னால் கைகளைக் குவித்துக்கொண்டு படுத்திருந்தான். புதைந்தவர்களில் பெரும்பாலானோர் முதல் கால் மணி நேரம் உயிரோடு இருப்பார்கள், அதற்குள் தோண்டிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. பனிக்குள் குத்தித் தேட நீளக் கம்பு வேண்டும். ஆளுக்கொரு மண்வெட்டி வேண்டும்.

அவள் இரண்டு முறை படித்தாள். முத்திரையைக் குத்தினாள். மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை பால் வண்டியில் ஏறி, கணவாய் அடிவாரத்துச் சாலைக் கொட்டகைக்குப் போனாள். குபாத்தோடு வேலை பார்த்த ஆறு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ரொட்டியும் வெண்ணெயும் அவள் பக்கம் நகர்ந்தன. அவள் புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள், பிள்ளைகளுக்கு வாசிக்கும் அதே குரலில்.

தோக்தோசுன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நொடின்னு சொன்னீங்க, அண்ணே."

தோக்தோசுன் தொப்பியைக் கழற்றினார். "உன் மனசு ஆறட்டும்னு சொன்னேன் தங்கச்சி."

"எவ்வளவு நேரம் தோண்டினீங்க?"

"ரெண்டு மணி நேரம். எங்க கெடக்கான்னே தெரியல."

"எத்தனை மண்வெட்டி இருந்துச்சு?"

"ரெண்டு. மத்தவங்க கையாலதான்..."

கத்த வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. கத்துவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. "இப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

"அதே ரெண்டுதான்."

புத்தகத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். வாசகர் அட்டை இல்லாமல் கொடுக்க முடியாது என்றாள். பையில் சிறுவர் பிரிவு அட்டைகள்தான் இருந்தன. ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள்.

"எந்த வகுப்பு?" என்று அட்டையில் இருந்ததை அப்படியே கேட்டாள்.

"நாலாம் வகுப்பு பெயிலுன்னு போடுங்க அக்கா," என்றான் காசிம். யாரோ சிரித்து, அவளைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"நாலு" என்று எழுதினாள். ஐம்பத்து மூன்று வயதுத் தோக்தோசுனுக்கு அந்தக் கட்டத்தில் கோடு போட்டாள். பதினைந்து நாளில் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்த பால் வண்டியில் ஏறினாள்.

புத்தகம் ஜூலையில்தான் திரும்பியது. ஓரமெல்லாம் கிரீஸ் கறை. அதற்குள், அந்தப் புத்தகம் எங்கே என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள். இன்னொரு பிரதி கேட்டுப் பதிப்பகத்துக்கு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் "தேவை அதிகம்" என்று போட்டாள்.

சாலைக்காரர்கள் மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். எழுத்துப் பிழைகளை ஜூராவே திருத்திக் கொடுத்தாள். செப்டம்பரில் எட்டு மண்வெட்டிகள் வந்தன. கம்பு வரவில்லை. மெல்லிய தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துக் காசிமே ஆறு கம்பு செய்துவிட்டான். அவளை அழைத்துப் போய்க் காட்டினார்கள். ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "கனமா இருக்கு," என்றாள். "இதைவிட மெல்லிசுல குழாய் கெடைக்கல அக்கா," என்றான் காசிம்.

அந்தக் குளிர்காலத்தில் சரிவு எதுவும் இறங்கவில்லை. பனி குறைவு; ஊரில் ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் நல்ல வருடம். ஜூரா ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. பிப்ரவரியில் ஆண்டு நினைவு விருந்துக்கு ஊர் வழக்கப்படி குதிரை அறுத்தார்கள். பெண்கள் மறுபடி ஒப்பாரி வைத்தார்கள். இந்த முறையும் அவளுக்குக் குரல் வரவில்லை. எழுந்து போய், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள்.