அழுகைக் காட்சியில் அப்பா

அப்பா தோணியில் தண்டலாக இருந்தார். தோணியையும் அதில் உள்ள ஆட்களையும் நடத்துகிறவரைத் தூத்துக்குடியில் அப்படித்தான் சொல்வோம். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். காற்று ஒத்துழைத்தால் கடலில் இரண்டு நாள்தான். அங்கே போய் இறக்கி, திரும்பி வருவதற்குச் சரக்குக் கிடைக்கிறவரை காத்துக்கிடந்து, வீடு வந்து சேர மூன்று வாரம் ஆகிவிடும். மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் இருப்பார். அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் ரேடியோ பாடாது.

அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் பேச்சு முழுக்க ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும். தண்ணி. கதவு. போதும். காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஆட்களுக்குக் கட்டளை சொல்லிப் பழகிய வாய். சிரிப்பு வந்தால் மீசையின் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறி இறங்கும். அவ்வளவுதான்.

சினிமா கூடவே கூடாது. அதற்குக் காரணம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அதனால் அவர் கடலில் இருக்கும்போதுதான் சினிமாவுக்குப் போவோம். தோணி கிளம்பிய அன்றே போக அம்மாவுக்குத் தைரியம் வராது. காற்று திரும்பி, தோணியும் திரும்பிவிட்டால் என்ன செய்வது? அடுத்த வீட்டு மைனி கடற்கரைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் தெரியல, போயிட்டாவ" என்று சொன்ன பிறகும் இரண்டு நாள் பொறுப்பாள். மூன்றாம் நாள் மேட்னிக்குக் கிளம்புவோம். அம்மா, மைனி, நான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன்.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆடிக் காற்றில் தோணிகள் ஓடாது. கரையில் இழுத்துப் போட்டு மராமத்துப் பார்ப்பார்கள். அப்படி ஒரு ஆடியில், பழைய துறைமுகத்தில் படம் பிடிக்க மூன்று நாள் ஆட்கள் வந்தார்கள். எங்கள் தெருவே காலியாகி அங்கே போய் நின்றது. அப்பாவும் தோணி வேலைக்காகத் தினம் அந்தப் பக்கம்தான் போய்வந்தார். முதல் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்.

"சினிமாக்காரன் வந்திருக்கான். அந்தக் கூட்டத்துக்குள்ள யாரும் போயிராதிய. வேல இல்லாத பயலுவோ."

நாங்கள் போகவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் உட்கார்ந்தபடி கூட்டத்தின் இரைச்சலை மட்டும் கேட்டேன்.

அந்தப் படம் அடுத்த வருஷம் பொங்கல் கழிந்து எங்கள் ஊருக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அப்பா அப்போது கொழும்பில். நம்ம துறைமுகம் வருகிற படம் என்று மைனி ஒரே பிடியாய் நின்றாள். வழக்கம்போல மூன்றாம் நாள் மூவரும் போனோம்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண், கப்பலில் வேலை பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். ஏதோ சண்டையில் அவன் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். விஷயம் தெரிந்து அவள் துறைமுகத்துக்கு ஓடிவருகிறாள். கப்பல் போய்விட்டது. சரக்கு இறக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தின் மேல் அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுகிறாள். கேமராவும் கூடவே ஓடுகிறது. கொட்டகையில் ஒரே மூக்குறிஞ்சும் சத்தம். மைனி முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

ஓடுகிற அவளுக்குப் பின்னால் கயிற்றுச் சுருள்களும் மூட்டைகளும் வரிசையாகக் கடந்து போயின. ஒரு கயிற்றுச் சுருளின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பனியன், கட்டம்போட்ட சாரம், தோளில் துண்டு. தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. அது அப்பா என்று புரிவதற்குள் அவர் திரையைவிட்டுப் போய்விட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் குனிந்துவிட்டாள். திரையிலிருந்து அவர் தன்னைப் பார்த்துவிடுவார் என்று பயந்தவள்போல. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏளா. அப்பா."

"பாத்தேம்மா."

"சிரிக்காவ."

"ஆமா."

"யாரு கூட?"

எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது நிஜம். திரையின் ஓரத்தில் அந்த ஆளின் கை மட்டும் அப்பாவின் தோளில் இருந்தது. மற்றது தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அந்தக் கையில் வளையல் இருந்தது என்றாள். வளையல் இல்லை, கையில் பிடித்திருந்த தூக்குச்சட்டியின் வளையம் என்றேன் நான். மைனியைக் கேட்டோம்.

"அண்ணாச்சியா, படத்துலயா? நான் அழுதுட்டு இருந்தேன், எதக் கண்டேன்" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்று இரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியும் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதே குழப்பம்தான். வீட்டுக்கு வருகிற மனிதர் வேறு, அந்தக் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தவர் வேறு என்றால் எது அப்பா?

இரண்டு நாள் கழித்து நானும் அம்மாவும் மறுபடி போனோம். இந்தத் தடவை கையைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை விரித்துக்கொண்டு இருந்தேன். கையை மட்டும் தேடியதில் அப்பாவின் முகத்தைத் தவறவிட்டேன். கையும் சரியாகத் தெரியவில்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையைப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா தனியாகப் போனாள். திரும்பி வந்து குசினியில் அடுப்பை மூட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு அவிய சிரிச்ச மாதிரியே தெரியலளா. இருமுற மாதிரி இருக்கு."

"இருமலாம்மா?"

"ஆமா. இல்ல, சிரிப்புதான். தெரியல போ."

அந்த வாரத்தோடு கொட்டகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள்.

அப்பா வந்தார். வழக்கம்போலக் கொழும்புச் சோப்பும் தேயிலையும் கொண்டுவந்தார். கேட்க வழியில்லை. கேட்டால் சினிமாவுக்குப் போனது தெரிந்துவிடும். சோறு போடும்போதெல்லாம் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அப்பிடிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல."

பிறகு அவரைச் சிரிக்கவைத்துப் பார்க்கலாம் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். பூசை நேரத்தில் ஒரு ஆடு கோயிலுக்குள் வந்து பாடகர் குழுவின் பாட்டுத்தாளைத் தின்ற கதையை நடித்தே காட்டினாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா, "ஆடு யாரோடது?" என்று கேட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. மீன்குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நாங்க படத்துக்குப் போயிருந்தோம்."

நான் குசினி வாசலில் நின்றேன். அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"எப்போ?"

"நீங்க போன மூணாம் நாளு."

"யாரு கூட?"

"மைனியும் இவளும் நானும். அதுல நீங்க இருக்கிய."

"எதுல?"

"படத்துல. பாலத்துல உக்காந்து சிரிக்கிய."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கோபப்படுவார் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். கோபம் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எதுக்குச் சிரிக்கேன்?"

"அதத்தான் நாங்க கேக்கோம்."

"கேமரா வச்ச பக்கமே நான் போகல" என்றார். இரண்டு கவளம் சாப்பிட்டார். பிறகு குழம்பைப் பார்த்தபடியே, "கடவாப் பல்லு தெரியுதா?" என்று கேட்டார்.

மேல்வரிசையில் அவருக்கு ஒரு பக்கம் இரண்டு பற்கள் இல்லை. கயிறு அறுந்து அடித்ததில் போனவை. அம்மா, "இருட்டா இருந்திச்சி" என்றாள்.

யார் தோளில் கை போட்டிருந்தது என்று அவள் கேட்கவே இல்லை. அதைக் கேட்கத்தான் இத்தனையும் ஆரம்பித்தாள் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"அந்தப் படம் இப்போ எங்கன ஓடுது?"

மைனி விசாரித்து வந்து சொன்னாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில், டூரிங் கொட்டகையில் ஓடுகிறது. அன்று சாயங்காலமே அப்பாவும் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். அப்பாவோடு சினிமாவுக்குப் போகிறோம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பஸ்ஸில் அம்மா என் காதில், "வராம இருந்திருக்கலாம்" என்றாள்.

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு மண்சுவர். அப்பா சுவரை ஒட்டி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படத்தைவிட அவர் தலையைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம். திரைத்துணி அழுக்கேறியிருந்தது. படத்தில் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாய் விழுந்தது.

அந்தப் பெண் துறைமுகத்துக்கு ஓடிவந்தாள். பாலத்தில் கால் வைத்தாள். திரை ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த நொடி அவள் வீட்டில் பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். பாலம் இல்லை. கயிறு இல்லை. கூட்டம் விசிலடித்தது. பிலிம் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவருக்கு அப்பால் பார்த்தேன். அப்பா அசையவில்லை. தான் இனிமேல்தான் வரப்போகிறோம் என்று காத்திருக்கிறார் எனப் புரிந்தது. கடைசிவரை அப்படியே இருந்தார். விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார். "நான் எங்கன?"

"வெட்டிட்டான்" என்றாள் அம்மா. "அந்தப் பிள்ள பாலத்துல ஓடுமே, அங்கன இருந்திய."

"வேற யாரையாவது பாத்திருப்பிய."

அம்மா பஸ் வரும் திசையைப் பார்த்தாள். பிறகு, "இருந்தாலும் இருக்கும்" என்றாள்.

மூன்று தடவை பார்த்தவள் அவள். என்னைக் கேட்டால் அது அப்பாதான் என்று சொல்வேன் என நினைத்தேன். அப்பா என் பக்கம் திரும்பினார். வெள்ளை மீசையும் மூடிய வாயுமாக முன்னால் நிற்கிற இந்த முகத்தை அந்தச் சிரிப்போடு பொருத்திப் பார்த்தேன். பொருந்துகிற மாதிரியும் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

"அப்பா மாதிரிதான் இருந்திச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு அது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் விளக்கு தூரத்தில் தெரிந்தபோது அவர் சொன்னார். "கப்பல் போயிட்டுன்னா அந்தப் பிள்ள ஏன் அப்பிடி அழுதா? அடுத்த கப்பல் வரும்லா."

"மூணு தடவ பாத்தேன். எனக்கும் அது வெளங்கல" என்றாள் அம்மா.

பஸ்ஸில் பெண்கள் முன்னால் ஏறினோம். பின்னால் அவர் எப்படி இருந்தார் என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சினிமாவைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தானும் திரும்ப எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை. அவர் வீட்டில் இருக்கிற வாரத்திலும் ரேடியோ மெதுவாகப் பாட ஆரம்பித்தது. யார் முதலில் திருகினோம் என்று ஞாபகமில்லை. நான் கல்யாணமாகிப் போன பிறகும் சில வருஷம் தோணியில் போனார்.

அவர் இறந்தபோது வீட்டில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. மூன்றுதான் இருந்தன. என் கல்யாணத்தில் எடுத்தது ஒன்று. அதில் யாரையோ கூப்பிடத் திரும்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ஸ்டூடியோவில் எடுத்தது ஒன்று. தோணி வேலைச் சான்றுக்காக எடுத்தது ஒன்று. அதில் விறைப்பாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். கல்யாணத்தில் எடுத்ததைப் பெரிதாக்கலாம் என்றேன். அதில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது. அம்மா மூன்றையும் கட்டிலில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சான்றுப் படத்தை என் கையில் கொடுத்தாள்.

"இதுதான் அவிய" என்றாள்.

அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினோம்.