கடலை மறந்த அருமைத்துரை

"நான் கடலை மறந்திட்டன். கடலுக்கு என்னைப் பார்க்கவேணுமெண்டால் பரந்தனில பஸ் மாறி வரட்டும்!"

உருத்திரபுரம் தேநீர்க் கடையில் அருமைத்துரை இந்தப் பிரகடனத்தை வெளியிட்டுப் பல வருடங்களாகின்றன. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விசயம்.

முல்லைத்தீவுக் கரையில் வலை வீசியவர். மனைவி செல்வராணியின் தமையனைச் சுனாமி கொண்டுபோன பிறகு, அவாவின் ஊருக்கு நெல் விதைக்க வந்தார். இனிக் கடல் பக்கமே போவதில்லை என்று அவாவுக்குச் சத்தியமும் செய்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்ற இதைவிட வசதியான ஊர் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. அது பஸ் எதுவும் மாறவில்லை. குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்துவிட, விடியும்போது வயலும் வீதியும் ஒரே தண்ணீர். சனம் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. மேலே நின்று செல்வராணி கத்தினா.

"இஞ்சேருங்கோ! ஏறாமல் அங்க என்ன புதினம் பார்க்கிறியள்?"

"வாறன், வாறன். ஆடு அவிட்டாச்சோ எண்டு பார்த்திட்டு வாறன்."

அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது.

காற்றில் எழும்பிய அலைகள் வேலியில் வந்து மோதிக்கொண்டிருந்தன. அருமைத்துரை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செல்வராணிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்புக் கரிக்கவில்லை.