அக்கா வீட்டு கெய்சர்

அந்த ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. புதுக் குழாய் மாட்டினாலும் இரண்டு மாதத்தில் அதன் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். கெய்சர் வாங்கியவர்கள் எல்லாரும் இரண்டாம் வருடம் ரிப்பேர்காரரான அவரைத் தேடி வந்துதான் ஆகவேண்டும். முப்பது வருடமாக அவருக்கு அதுதான் பிழைப்பு.

தொட்டியின் அடித்தட்டைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்தால், சுண்ணாம்பைக் குழைத்து அப்பியதுபோல் கட்டைவிரல் பருமனுக்குத் தடித்திருக்கும். அதை வீட்டுக்காரர்களின் கையில் கொடுத்துக் காட்டுவார்.

"பாருங்கம்மா, தண்ணி சூடாகணும்னா முதல்ல இந்தக் கல்லு சூடாகணும். காயில் உள்ளுக்குள்ளயே வெந்து வெடிச்சிரும். வருஷத்துக்கு ஒருதரம் கழுவிருங்க. கசியற கரண்ட மண்ணுல இறக்குற எர்த் இல்லாம மட்டும் ஓட்டவே ஓட்டாதீங்க."

இந்தப் பேச்சை அப்படியே பேசிக் காட்டிக் கேலி செய்வது அவருடைய அக்காவின் கணவர். 'வெந்நீர் டாக்டர்' என்று பட்டம் கட்டியவரும் அவர்தான். "என் மச்சான் பெரிய டாக்டர். நாடியெல்லாம் பிடிக்க மாட்டான், நேரா வயித்தக் கிழிச்சிருவான்" என்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். விடிகாலையில் வெந்நீரில் குளித்தால்தான் இடுப்பு வண்டியில் உட்காரச் சம்மதிக்கும் என்று சொல்வார். அதற்காகவே பதினோரு வருடத்துக்கு முன்னால் டாக்டர் தன் கையாலேயே அந்த வீட்டில் ஒரு கெய்சரை மாட்டிக் கொடுத்திருந்தார்.

அதை அவர் கழுவியது இரண்டே தடவை. நம் வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். போன வருடம் குளியலறைச் சுவரை இடித்து ஓடு பதித்தபோது கொத்தனார் எர்த் கம்பியை அறுத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் டாக்டர் கண்ணால் பார்த்தார். "நான் வந்து இழுத்துத் தரேன்க்கா" என்று சொன்னதோடு சரி.

குளிர் தொடங்கிய மாதத்தில் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, குழாயத் தொட்டா விரல்ல சுருக்குங்குதுடா."

அவருக்குக் கேட்டதுமே புரிந்தது. காயில் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிகிறது. வேறு யார் வீடாக இருந்தாலும் அப்போதே வண்டியை எடுத்திருப்பார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு குளிங்க. ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவிகள் விடுதி ஒன்றில் நான்கு கெய்சர்கள் ஒரே நேரத்தில் கைவிரித்துவிட்டன. அடுத்த ஞாயிறு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது, படுத்துத் தூங்கினார். அக்கா மறுபடி கூப்பிட்டபோது, "ஆஃப் பண்றீங்கல்ல? அப்ப ஒண்ணும் ஆகாது" என்றார். அவள் தினமும் கணவருக்கு முன்னால் எழுந்து, தண்ணீர் காய்ந்ததும் தானே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அவரைக் குளிக்க அனுப்பினாள்.

அந்த வியாழக்கிழமை அவள் வீட்டில் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாளே பக்கத்துத் தெருவிலிருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வேன் வரவில்லையே என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் மேல் போன் வந்து, அடுத்த வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்தபோது அத்தான் ஈரத்தரையில் கிடந்தார். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் டாக்டர் அந்த கெய்சரைத் தனியாக இறக்கினார். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேறு ஒருவர் கை அதில் படக்கூடாது என்று தோன்றியது. அடித்தட்டைக் கழற்றியதும் இரண்டு படி அளவுக்கு வெள்ளைத் தூளும் கட்டியுமாகக் கொட்டியது. காயிலின் வளைவில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. முன்பே மாற்றியிருந்தால் அரை மணி நேர வேலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பழைய வயரிங் என்றார்கள், கெட்ட நேரம் என்றார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா மகள்தான் கேட்டாள்.

"மாமா, ஷாக் அடிக்குதுன்னு அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா? உங்ககிட்ட சொன்னாங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "யாருக்கும் தெரியாதுடி. திடீர்னு ஆனது."

வெளியே வந்த அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு வேலைக்குப் போன வீடுகளில் எர்த் பேச்சை எடுக்காமலே திரும்பினார். அக்கா தன்னைக் காப்பாற்றுகிறாள், அதைத் தாங்க முடியவில்லை என்று நினைத்தார். மூன்றாவது மாதம் அக்கா மகள் வேலை பார்க்கும் துணிக்கடை வாசலில் போய் நின்று, அவள் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போன் வந்ததை, ஞாயிற்றுக்கிழமைகளை, தூங்கியதை.

அவள் கத்தவில்லை. "அப்ப அம்மாவுக்கும் தெரியும்" என்றாள். "தெரிஞ்சும் அப்பாவத் தனியா விட்டுட்டு எங்கிட்ட வந்துட்டாங்க. எனக்குக் காய்ச்சல்னு."

இதை அவர் யோசித்திருக்கவே இல்லை.

அன்று மாலையே அக்கா அவர் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றாள்.

"உன் மனசு பாரம் இறங்கணும்னு கொண்டுபோய் என் பொண்ணு தலையில ஏத்திட்டியேடா. நான் மூணு மாசமா பல்லக் கடிச்சிட்டு இருந்தது உனக்காகன்னா நெனச்ச? அவ அப்பாவுக்கு ராத்திரி ஒரு போனப் போட்டு, சுவிட்ச அணைச்சிட்டுக் குளிங்கன்னு சொல்ல மறந்துட்டேன்னு அவகிட்ட எப்படிடா சொல்வேன்?"

"அக்கா, தப்பு என்னோடது..."

"உன்னோடதுதான். யாரு இல்லன்னா? அதை நீயே வெச்சிருந்திருக்கலாம்ல?"

அவர் மனைவி உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டும் அக்கா நிற்கவில்லை.

மகள் ஐந்தாறு மாதத்தில் கணவரை மாற்றல் வாங்க வைத்து அவரோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் வாரம் ஒரு தடவை பேசுகிறாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதோடு சரி. மாமாவின் போனை எடுப்பதில்லை. அக்கா கெய்சர் மாட்டவே இல்லை. அடுப்பில் பானை வைத்து, அதுவும் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் வெந்நீர் போடுகிறாள். தம்பி வந்தால் கதவைத் திறக்கிறாள், காபி தருகிறாள். பேச்சு பாதியில் நின்றுபோகிறது.

அவர் இன்னும் அதே வேலைதான் பார்க்கிறார். போன மாதம் ஒரு வீட்டில், குழாயில் லேசாகச் சுருக்கென்கிறது, அடுத்த வாரம் வந்து பார்த்தால் போதும் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். கால் மணி நேரத்தில் டாக்டர் அங்கே நின்றார். கூடத்தில் விருந்தாளிகள் இருக்க, யாரையும் கேட்காமல் மெயினை அணைத்து, தொட்டியைப் பாதித் தண்ணீரோடு சுவரிலிருந்து இறக்கினார். கூடமெல்லாம் வெள்ளம்.

"என்னங்க இது, என்ன அவசரம் உங்களுக்கு?" என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

அவர் முழங்கால் நனைய உட்கார்ந்து அடித்தட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.