அசுவினியில் போன அப்பா

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், "இனி வீட்டுக்குக் கொண்டு போய் வச்சுப் பாத்துக்கங்க" என்றார்கள். இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அப்போது பிளஸ் டூ. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "எந்த வீட்டுக்குடி கொண்டு போறது?" என்றாள். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா உளறுகிற ஆள் இல்லை என்பது சாயங்காலத்துக்குள் புரிந்துவிட்டது.

எங்களுக்கும் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. கறம்பக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில், கண்மாய்க் கரையை ஒட்டி, அப்பா கட்டிய கூரை வீடு. அப்பா தேங்காய் பறிக்கப் போகிறவர். புயல் வந்தபோது வீடும் போனது, அவர் ஏறிக்கொண்டிருந்த தென்னைகளும் போயின. நிலம் புறம்போக்கு என்பதால் புது வீட்டுக்கு வழியில்லை என்றுவிட்டார்கள். வேலையும் இல்லை, வீடும் இல்லை. மூன்று பேரும் கறம்பக்குடி டவுனுக்கு வந்து லைன் வீட்டில் ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்தோம். அப்பா லாரியில் மூட்டை ஏற்றினார், அம்மா முந்திரி உடைக்கிற ஷெட்டுக்குப் போனாள். அப்படி இப்படி நிமிர்ந்து உட்காரும்போது அப்பாவின் வயிற்றில் கட்டி வந்தது.

லைன் வீட்டின் சொந்தக்காரம்மா முன்பக்கத்து மாடி வீட்டில் இருந்தார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும். அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் எனக்குச் சோறு போட்டது அவர்தான். தனியாகப் படுக்காதே என்று தன் வீட்டு ஹாலில் பாய் விரித்துக் கொடுத்தார். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எனக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்.

ஆம்புலன்ஸ் அவர் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் கேட்டைத் திறக்கவில்லை. கிழித்த காலண்டர் தாள் கையில் இருந்தது.

"கோவிச்சுக்காத தங்கச்சி. நாளைக்கு அவிட்டம் பொறக்குது. அதுலேர்ந்து தொடர்ந்து அஞ்சும் அடைப்பு நட்சத்திரம். உள்ள வச்சு ஒண்ணு ஆயிருச்சுன்னா ஆறு மாசம் பூட்டிப் போடணும். தெறந்தாலும் அந்த ரூமுக்கு எவன் குடி வருவான்? பக்கத்து ரூமுக்காரனும் காலி பண்ணிட்டுப் போயிருவான். எனக்கு இந்த வாடகைய விட்டா என்ன இருக்கு, நீயே சொல்லு."

இந்த அடைப்பு எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால், உயிர் பிரிந்த வீட்டைக் குறிப்பிட்ட மாதங்களுக்கு மூடி வைப்பார்கள். இல்லாவிட்டால் பின்னாலேயே இன்னொரு உயிர் போகும் என்று பயம். சொந்த வீட்டுக்காரன் கொல்லைப்பக்கம் ஒதுங்கிச் சமாளித்துக்கொள்வான். வாடகைக்கு இருக்கிறவன் சாகக் கிடந்தால் எங்கே போவான் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. வீட்டுக்காரம்மா பேசிக்கொண்டே அழுதார். அழுதாரே தவிர, கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நல்ல மனசுக்காரர்களும் கேட்டைச் சாத்துவார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அங்கிருந்து பெரியப்பாவுக்குப் போன் போட்டோம். அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், முகூர்த்தக்கால் ஊன்றியாகிவிட்டது. கால் ஊன்றிய வீட்டில் சாவு விழக்கூடாது. "தம்பிய ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வச்சிருக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேட்டுப் பாரும்மா" என்றார். கூடப் பிறந்தவர். போனிலேயே குரல் உடைந்தது. என்ன செய்ய, அவர் மகளும் பெண்தானே. அம்மா, "சரிங்க மாமா, கல்யாணத்த நல்லபடியா முடிங்க" என்று போனை வைத்தாள். எனக்கு அந்த மரியாதையைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவர் வண்டியை ரோட்டோரம் புளியமரத்து நிழலில் நிறுத்தினார். "எங்கிட்டு விடணும்னு சொல்லுங்கம்மா, அடுத்த கேஸ் வந்துக்கிட்டு இருக்கு" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. நான் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

அப்போதுதான் அம்மா, முந்திரி ஷெட்டில் தனக்குப் பக்கத்தில் உட்காருகிற பெரியம்மாவைக் கூப்பிட்டாள். சொந்தம் ஒன்றும் கிடையாது, அம்மா அக்கா என்பாள், நான் பெரியம்மா என்பேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் அவருக்கு. கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அவர் புருஷன் சதயத்தில் இறந்திருந்தார். வீட்டை அடைப்புக்காகப் பூட்டிவிட்டு, பின்னால் தகரச் சாய்ப்பில் ஆடுகளோடு தங்கியிருந்தார். ஒரு மரத்தடி கிடைத்தாலும் போதும் என்றுதான் அம்மா கேட்டாள்.

"மரத்தடி எதுக்குடி? வீடு பூட்டித்தானே கெடக்கு. கொண்டாந்துரு. நான் தெறந்து வைக்கிறேன்" என்றார் பெரியம்மா.

நாங்கள் போய் இறங்கியபோது தெருவே அவர் வாசலில் கூடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அடைப்பு முடியாமல் திறக்கலாமா, ஊருக்கே ஆகாதே, ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். பெரியம்மா பூட்டைத் திறந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைக் கூட்டினார்.

"எமன் வந்துட்டுப் போன வீடுதானப்பா இது. அவனுக்கு ஏற்கெனவே வழி தெரியும். இன்னொருக்க வந்தா என்ன, நாற்காலி போட்டு ஒக்கார வைக்கிறேன். நீங்க ஒருத்தராச்சும் ஒங்க வீட்டுல எடம் குடுக்குறீகளா? அப்பப் பேசுங்க."

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அப்பாவைக் கட்டிலில் கிடத்தியதும் அவர் கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு வீடு?" என்றார். பெரியம்மா, "ஒங்க வீடுதாண்ணே, பேசாமப் படுங்க" என்றார்.

மறுநாள் காலை, முதல்நாள் அதிகமாகக் கத்திய அம்மாளே ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தார். உள்ளே வரவில்லை, சட்டியை மட்டும் நகர்த்தினார். அதற்கப்புறம் சாப்பாட்டுக்கு முறையே வந்துவிட்டது. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. இரண்டு பையன்கள் என் புத்தகங்களை லைன் வீட்டிலிருந்து எடுத்துவந்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்டுல ஒக்காந்து படி, அங்க படிப்பு ஏறாது" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அவர்கள் பயம் போகவில்லை. பயந்துகொண்டே செய்தார்கள். பயமில்லாதவர்கள் செய்வதைவிட இது பெரிது என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது.

டாக்டர் சொன்ன இரண்டு நாள் கெடுவைத் தாண்டியும் அப்பா இருந்தார். அவிட்டம் போனது, சதயம் போனது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அம்மா காலண்டரைப் பார்ப்பாள். பெரியம்மா வீட்டுக்கு இன்னோர் அடைப்பு வந்துவிடக் கூடாதே என்று அவளுக்கு. ஒரு மனுஷன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள முடியாமல், நாள் தள்ளிச் சாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை. அப்பாவிடம் யாரும் நட்சத்திரத்தைச் சொல்லவில்லை. ஆனால் ரேவதியும் கழிந்து அசுவினி பிறந்த காலையில், அம்மா கொடுத்த பாலில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அசுவினிக்கு அடைப்பு இல்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. சாவிலாவது கொஞ்சம் தொந்தரவு கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

துக்கம் கேட்க லைன் வீட்டுக்காரம்மா மாலையோடு வந்தார். அம்மாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, யாரிடமோ நட்சத்திரம் கேட்டார். அசுவினி என்றதும் முகம் மாறிப்போனது.

"அசுவினியா? அடைப்பே இல்லையே. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நம்ம வீட்டுலயே வச்சிருக்கலாமே, தங்கச்சி."

உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

நாங்கள் லைன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பெரியம்மா வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினேன், அங்கிருந்தே பஸ் ஏறிக் காலேஜுக்கும் போனேன். இப்போது புதுக்கோட்டையில் வேலை பார்க்கிறேன், அம்மாவும் என்னோடுதான். வீடு தேடும்போது, "வயசானவங்க, சீக்காளி யாரும் இருக்காங்களா?" என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். "அம்மா மட்டுந்தான், நல்லா இருக்காங்க" என்று சொல்லித்தான், வீட்டுக்காரர் கீழே இருக்கிற இந்த மாடி போர்ஷனைப் பிடித்தேன்.

போன மாதத்திலிருந்து அம்மாவுக்கு இருமல். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அம்மா நம்பவில்லை. இருமல் வரும்போதெல்லாம் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்கிறாள். ஏம்மா இப்படி மூச்சுமுட்டிச் சாகிறாய் என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசுடி" என்றாள். "கீழ வீட்டுக்காரருக்குக் கேக்கப்போவுது."